ரிமோட் எட்டும் தூரம்

அந்த விளையாட்டு டாங்கியை இருவரும் சேர்ந்துதான் கட்டினார்கள். வீட்டிலிருந்த த்ரீடி பிரிண்டரில் சேவியர் ஒவ்வொரு பாகமாக அச்சிட்டுக் கொடுக்க, சங்கிலிப் பட்டையின் நூற்றெண்பது கண்ணிகளையும் அவன் மனைவி ரெஜினா நகம் தேய்க்கும் அரத்தால் தேய்த்துக் கோத்தாள். சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனபோது அவள் எடுத்துப்போனது ஒரு துணிப்பையும் டாங்கியின் ரிமோட்டும்தான்.

அந்த ரிமோட் தெருமுனை வரைக்கும்தான் எட்டும். ஆனாலும் அவன் தினமும் சாயங்காலம் டாங்கியைக் கூடத்தில் வைத்து ஸ்விட்சைப் போட்டுவிடுவான். சிக்னலைத் தேடி அதன் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே கிடக்கும்.

"புது ரிமோட் ஒண்ணு வாங்கி இணைச்சிருடா. ஒரு பட்டனை அமுக்குனா போதும்," என்றான் கூட்டாளி அந்தோணி.

"அமுக்குனா பழைய ரிமோட்டை அது எடுக்காதே."

"எடுக்காட்டி என்ன?"

சேவியர் பேட்டரியைச் சார்ஜில் போட்டான்.

அவள் போன ஏழாம் மாதம், தூறல் விழுந்த ஒரு சாயங்காலம், சிமிட்டல் நின்று விளக்கு நிலையாக எரிந்தது. பீரங்கிக் குழல் மெல்லத் திரும்பி வாசலைப் பார்த்தது. டாங்கி ஓரடி நகர்ந்து, தயங்கி நின்றது.

வெளியே எட்டிப் பார்க்கத் துணியாமல் சேவியர் கதவை மட்டும் அகலத் திறந்தான். பிறகு, வழியில் கிடந்த தன் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தான்.