பூட்டு சாவி வேன்

“வேனை எடுத்துக்கினு நீ திண்டிவனம் போயிட்டா, நம்ம ஓட்டுக்காரங்களையெல்லாம் யாரு இட்டாறது?”

சகாயராஜ் வேனுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு கேட்டான். அவன் மனைவி லூர்துசெல்வி அதற்குள் பின்பக்கக் கதவைத் திறந்து, சீட்டில் கிடந்த நோட்டீஸ் கட்டுகளை எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“கொழந்தை குறுக்கால கெடக்குதாம். ஜல்தி பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவச் சொல்லிட்டாங்க நர்சம்மா. இன்னிக்கு ஊருல இருக்கிற வண்டி இது ஒண்ணுதான்.”

“யாரு கொழந்தைன்னு தெரியுமா?”

“அம்சா கொழந்தை.”

“அம்சா யாருன்னு தெரியுமா?”

தெரியாமல் என்ன? அது 2001 அக்டோபர். புதுஏந்தல் ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். நின்றது இரண்டே பேர். பூட்டு சாவிச் சின்னத்தில் லூர்துசெல்வி. மூக்குக் கண்ணாடிச் சின்னத்தில் அம்சா. அன்றைக்குத்தான் வாக்குப்பதிவு.

லூர்துசெல்விக்குத் தேர்தல் புதிதல்ல. ஐந்து வருடமாக வார்டு மெம்பர். கூட்டத்துக்குப் போவது மட்டும் சகாயராஜ். தீர்மானப் புத்தகம் வீட்டுக்கு வரும். அவள் கையெழுத்துப் போடுவாள். இந்த முறை நோட்டீசில் அவன் படம் உள்ளங்கை அகலம், அவள் படம் தபால்தலை அளவு. வேனில் ஊர் ஊராக மைக் பிடித்துப் பேசியதும் அவன்தான். அவள் பக்கத்தில் நின்று கும்பிட்டாள்.

அம்சாவிடம் வேனும் இல்லை, மைக்கும் இல்லை. நிறைமாத வயிற்றோடு வீடு வீடாக நடந்தாள். தண்ணித்தொட்டி கட்டி எட்டு மாதமாகியும் ஏன் தண்ணி ஏறவில்லை என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்டாள். தொட்டி காண்ட்ராக்ட் சகாயராஜுடையது.

“நான் சொல்றதக் கேளு...” என்று ஆரம்பித்தான் சகாயராஜ்.

“வழிய வுடுங்க.”

பதினாறு வருடக் குடித்தனத்தில் அவள் அப்படிச் சொன்னதில்லை. அவன் நகர்ந்துவிட்டான். நகர்ந்த பிறகுதான் ஏன் நகர்ந்தோம் என்று யோசித்தான்.

நாலு பேர் அம்சாவைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். புருசன் முத்துசாமி தலைமாட்டில் கையைப் பிசைந்துகொண்டு வந்தான். வேனில் ஒட்டியிருந்த பூட்டு சாவியைப் பார்த்ததும், அந்த வலியிலும் அம்சா தலையை ஆட்டினாள்.

“இந்த வேனா? நான் வரல.”

“ஏறு” என்றாள் லூர்துசெல்வி.

“இதுல ஏறினா, நான் காசு வாங்கிக்கினு வெலகிட்டேன்னு ஊரு பேசும்.”

“பேசட்டும். நீ உசுரோட இருந்தாத்தான் பதில் பேச முடியும். ஏறு.”

ஏறினாள். திண்டிவனம் போய்ச் சேரும்வரை லூர்துசெல்வியின் கையை விடவில்லை. வளையல் இரண்டு உடைந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் என்று உள்ளே கொண்டுபோனார். வராந்தாவில் லூர்துசெல்வியும், கூடவே வேனில் வந்த முத்துசாமியும் உட்கார்ந்திருந்தார்கள். முத்துசாமி அழுதுகொண்டிருந்தான். மூன்று மணி ஆனதும் லூர்துசெல்வி எழுந்தாள்.

“நீ வேன்ல ஊருக்குப் போ. அஞ்சு மணிக்குள்ள ஓட்டைப் போட்டுட்டு அதே வேன்ல திரும்பி வந்துடு. நான் இங்க இருக்கேன்.”

முத்துசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

“அக்கா... நான் யாருக்குப் போடுவேன்னு உங்களுக்கு...”

“தெரியும். ஜல்தி கெளம்பு.”

நாலரை மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. துணியில் சுற்றித் தந்ததை லூர்துசெல்விதான் கையில் வாங்கினாள். ராணி மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருந்தது.

பொழுது சாய்ந்துதான் அம்சாவுக்கு மயக்கம் தெளிந்தது. குழந்தையைப் பார்த்தாள். பிறகு லூர்துசெல்வியைப் பார்த்தாள்.

“அக்கா, இதுக்காவ நான் தொட்டி விசயத்த வுட்டுட மாட்டேன்.”

“வுட்டுடாத” என்றாள் லூர்துசெல்வி.

ஓட்டு எண்ணினார்கள். அம்சா நானூற்றுப் பன்னிரண்டு. லூர்துசெல்வி நானூற்றுப் பதினொன்று. சகாயராஜ் மறுபடி எண்ணச் சொன்னான். மறுபடியும் எண்ணினார்கள். அதே நானூற்றுப் பன்னிரண்டு, அதே நானூற்றுப் பதினொன்று.

வீட்டுக்கு வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

“ஒரே ஒரு ஓட்டு! நம்ம வேன்ல, நம்ம டீசல்ல அந்த முத்துசாமிய ஏத்தி அனுப்பினியே! நம்ம ஆளுங்க வர்றாங்கன்னு நெனச்சு, ஓடிப்போய் நானே கதவத் தெறந்து வுட்டேன். அவன் போடலன்னா சமமா நின்னிருக்கும். சீட்டுக் குலுக்கியிருப்பாங்க. உன்னாலதான்டி தோத்தோம்!”

“ஆமாங்க, என்னாலதான்” என்றாள் லூர்துசெல்வி. தட்டை வைத்துச் சோறு போட்டாள்.

வாக்குப்பதிவு அன்று விடிந்ததும் முதல் ஆளாகப் போய் நின்று, அம்சாவுக்கு வலி எடுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே, அட்டை மறைப்புக்குப் பின்னால் தான் மூக்குக் கண்ணாடியில் முத்திரை குத்திவிட்டு வந்ததை அவள் சொல்லவில்லை.