மூன்றாவது எண்

முதலில் காரின் பானட்டைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

வாங்குகிறவன் வருவதற்கு முன்பாகவே என்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்துவிட்டால், காலையில் கிளப்பும்போது வண்டி செய்கிற அட்டகாசம் நமக்குத் தெரியாமலே போய்விடும். எட்டு மாதப் படிப்பில் நான் கற்ற முதல் பாடம் இது.

படிப்பு என்றால் படிப்புதான். ஐம்பத்தேழு வயதில், பள்ளிப் பேருந்து ஓட்டுகிற நேரம் போக, பெரிய என்ஜினோடு இறங்கிய பழைய 'மஸில்' கார்களைப் பற்றி மூன்று நோட்டு நிறைய எழுதியிருந்தேன். "இந்த அக்கறை காலேஜ்ல இருந்திருந்தா இந்நேரம் டாக்டர் ஆகியிருப்ப" என்பாள் என் மனைவி ஷெரில்.

"வண்டிக்குப் புதுசா, தம்பி?" என்றார் டெல்பர்ட்.

வண்டியின் சொந்தக்காரர். ஷெட் வாசலில் மடக்கு நாற்காலியில், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு உட்கார்ந்திருந்தார். ஓட்டத் தெம்பில்லாததால் விற்கிறார். பக்கத்தில் மனைவி நோரீன், காப்பி பிளாஸ்க்கோடு.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பழகினவன் முதல்ல விலையைத் தொடுவான். நீ பானட்டைத் தொடுற."

அறுபத்தொன்பதாம் வருட மாடல். கருஞ்சிவப்பு. எங்கள் ஓஹையோவில் குளிர்காலத்தில் பனி உருகச் சாலையில் கொட்டுகிற உப்பு இந்த வயது வண்டிகளில் பாதியைத் தின்றுவிட்டது. துணி சுற்றிய காந்தத்தை உடம்பு முழுக்க இழுத்துப் பார்த்தேன். காந்தம் நழுவினால் அந்த இடத்தில் தகரம் இல்லை, பூசி மெழுகிய பட்டிதான். ஒரு இடத்திலும் நழுவவில்லை. டிக்கி விரிப்பைத் தூக்கினேன். தரை கல் மாதிரி இருந்தது.

எனக்கு வாயெல்லாம் பல்.

"கம்பெனியிலேர்ந்தே பெரிய என்ஜினோட இறங்கின வண்டி" என்றார் டெல்பர்ட். "இந்த ஜில்லாவுல இன்னொண்ணு காட்டு பார்க்கலாம். வாங்கி இருபத்திரண்டு வருஷமாச்சு. எத்தனை வருஷ ஓவர்டைம் தெரியுமா இது?"

முன் கண்ணாடிக்குக் கீழே, இடது ஓரத்தில், வண்டியின் எண் பொறித்த சின்னத் தகடு. குனிந்து படித்தேன். இந்த வரிசை வண்டிகளில் மூன்றாவது எண் இரட்டைப்படை என்றால் எட்டு சிலிண்டர் பெரிய என்ஜின். ஒற்றைப்படை என்றால் ஆறு.

ஐந்து என்று இருந்தது.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஐந்துதான்.

ஆறு சிலிண்டர் சாதா வண்டி. யாரோ ஒரு புண்ணியவான் பிற்பாடு பெரிய என்ஜினை இறக்கி, கோடு போட்டு, பேட்ஜ் ஒட்டி, அசல் என்று இந்த மனிதரின் தலையில் கட்டியிருக்கிறான். இருபத்திரண்டு வருடமாக அவருக்குத் தெரியவில்லை. அவர் கேட்கிற விலையில் பாதிகூடப் பெறாது.

சொன்னால் அந்த நாற்காலியிலேயே மனிதர் நொறுங்கிப்போவார். சொல்லாமல் வாங்கினால் நானும் ஷெரிலும் சிறுகச் சிறுகச் சேர்த்தது போய்விடும். மூன்று நோட்டிலும் இதற்கு ஒரு வரி இல்லை.

"என்ன, நம்பரா? எனக்கு அதெல்லாம் படிக்கத் தெரியாது. அவ சத்தம் போட்டாலே போதும், யாருன்னு தெரிஞ்சிடும். நோரீன், கிளப்பு."

நோரீன் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். சுவரில் மாட்டியிருந்த ஸ்பானர்கள் அதிர்ந்தன. டெல்பர்ட் கண்ணை மூடிக்கொண்டார். வந்ததிலிருந்து விடாமல் இருமிக்கொண்டிருந்தவர், அது ஓடி நிற்கும் வரை ஒரு தடவைகூட இருமவில்லை.

"என்ன சொல்ற, தம்பி?"

"எனக்கு இது ரொம்பப் பெரிய வண்டிங்க. நான் இன்னும் கத்துக்குட்டி. இதைக் கட்டி மேய்க்க என்னால ஆகாது."

அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "பார்த்தியா நோரீன், இவனும் பயந்துட்டான்."

நோரீன் என்னோடு சாலைவரை நடந்து வந்தாள். தபால்பெட்டி அருகே நின்றாள்.

"நம்பரைப் பார்த்துட்டீங்க, இல்ல?"

தலையசைத்தேன்.

"ரெண்டாவதா வந்தவர் என்கிட்ட சொல்லிட்டார். நல்ல மனுஷன், இவர் காதுல போடல. போன மாசம் ஒருத்தர் எதையும் பார்க்காம முழு விலையும் தர்றேன்னு நின்னார். மறுநாள் நானே போன் பண்ணி வேண்டாம்னுட்டேன். இவர்கிட்ட, அந்த ஆளோட பொண்டாட்டி விடலையாம்னு சொன்னேன்."

ஊரை ஏமாற்ற மனம் வரவில்லை போலிருக்கிறது, பாவம், என்று நினைத்தேன்.

"நியாயமான விலைக்கு நானே எடுத்துக்கறேன். அவருக்குத் தெரியாம நாம பேசி முடிச்சுக்கலாம்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். வண்டி அவ்வளவு பிடித்திருந்தது.

அவள் ஷெட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது ஒரு நல்ல கைக்குப் போறதைப் பார்த்துட்டுத்தான் கண்ணை மூடுவேன்னு இருக்கார். டாக்டர் சொன்ன கெடு பிப்ரவரியோட முடிஞ்சுபோச்சு."

அன்று செப்டம்பர் இருபது.

"நான் எதுக்கு விக்கணும், சொல்லுங்க."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களை மாதிரி புதுசா கத்துக்கிறவங்க இருந்தா அனுப்புங்க. நிறையக் கேள்வி கேக்கறவங்களா."

அடுத்த சனிக்கிழமைக்கு இரண்டு பேரை அனுப்பிவைத்தேன். வண்டியில் எதையெதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். பார்த்துவிட்டு என்ன சொல்ல வேண்டும் என்பதையும்.