யாரும் தோண்டாத மேடு

வீராம்பட்டினம் அருகே இதுவரை யாருமே தோண்டாத மேடு என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கியிருந்தார் அகழாய்வு இயக்குநர் கிறிஸ்துதாஸ். இன்றைக்குள் எதுவும் கிடைக்காவிட்டால் அனுமதி நீளாது.

“மண்ணு பொலபொலன்னு வருது சார். இந்த எடத்த ஏற்கெனவே...” என்றாள் குழிக்குள் நின்ற அஞ்சலாட்சி.

“பழங்கால வெள்ளம் கொண்டாந்த மண்ணும்மா. நீ தோண்டு.”

ஆறடியில் ஒரு பாட்டில் தட்டுப்பட்டது. ஆய்வு முடித்துக் குழியை மூடுகிறவர்கள் அடியில் பாட்டிலுக்குள் தேதிச் சீட்டு வைப்பது வழக்கம்.

“எந்த மடையன் நமக்கு முன்னாடி தோண்டுனான்?” என்று சீட்டைப் பிரித்தார். 2009. கீழே அவருடைய கையெழுத்து.

“அன்னிக்கும் நாந்தான் சார் மூடுனேன். ஆபீஸுக்குப் போயி அறிக்கை எழுதுறேன்னு கெளம்புனீங்க.”

கிறிஸ்துதாஸ் சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“மூடிடும்மா. இந்த வாட்டி சீட்டு வேணாம்.”