நிற்காத கேசரி

வீட்டு இயந்திரங்களுக்கு வீட்டுக்காரரே கோடிங் எழுதவேண்டிய காலம் அது. கோடிங் வகுப்பில் சேர்ந்த மறுவாரமே தாண்டவமூர்த்தி, மகளைப் பெண் பார்க்க வருபவர்களுக்காகப் பரிமாறும் இயந்திரத்துக்குத் தன் முதல் கட்டளையை எழுதினார்: "போதும்" என்று கேட்கும்வரை கேசரி வை.

வந்தவர்கள் மார்த்தாண்டத்துக்காரர்கள். போதும் என்பதற்கு அவர்கள் ஊரில் "மதி" என்பார்கள்.

"மதி! மதி!" என்று மாப்பிள்ளை அலறினான். கேசரி விழுந்துகொண்டே இருந்தது.

"நில்லு! நிறுத்து!" என்று தாண்டவமூர்த்தியும் கத்தினார். பதற்றத்தில், எழுதிய சொல் மறந்துபோயிருந்தது. மகள் குந்தவை விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சிரிச்சது போதும்!" என்று அவளிடம் எரிந்து விழுந்தார்.

கரண்டி அந்தரத்தில் நின்றது.

மாப்பிள்ளையின் தாய் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "பொண்ணு பிடிச்சிருக்கு. ஆனா கல்யாணப் பந்திக்கு மட்டும் நீங்க கோடிங் எழுதப்பிடாது."