ஷெரீஃப் கட்டிய கம்பி

ஐந்து துப்பாக்கிகளை விற்க வெய்ன் சம்மதித்துவிட்டான். ஆறாவதை மட்டும் தரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

அந்த ஆறாவதுதான் அவன் அண்ணன் ரூடியைக் கொன்றது.

"இதைப் போய் யாராவது படுக்கை அறையில வச்சுக்குவாங்களாடா?" என்றாள் அக்கா ஐனா. அப்பா ஆர்வோ காலமாகி ஆறு வாரம் ஆகிறது. வீட்டைக் காலி செய்ய டெட்ராய்ட்டிலிருந்து வந்திருந்தாள்.

எங்கள் மிச்சிகன் வடகோடியில் நவம்பர் பதினைந்து என்றால் பள்ளிக்கூடத்துக்கே லீவு. மான் வேட்டை தொடங்கும் நாள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் அந்த நாளில்தான் பதினாலு வயது வெய்ன் முதல் முறையாகத் துப்பாக்கியோடு காட்டுக்குப் போனான். பக்கத்தில் அப்பா. முன்னால் புதருக்குள் ரூடி, மானைக் கிளப்பிக்கொண்டிருந்தான். மான் தெரிந்தது. அப்பாவும் மகனும் ஒரே நேரத்தில் விசையை இழுத்தார்கள். விழுந்தது ரூடி.

அப்பா முதல் காரியமாக வெய்னின் துப்பாக்கியைப் பிடுங்கித் தோட்டாக்களை உதறிப் போட்டார். பிறகுதான் ரூடியிடம் ஓடினார். தன் குண்டு பைன் மரத்தில் பட்டதென்று, விசாரிக்க வந்த ஷெரீஃபிடம் அவர் சொன்னார். பையனோ "நான்தான், நான்தான்" என்று அழுதுகொண்டே இருந்தான். தகப்பன் சொல்கிறார், பையனே ஒப்புக்கொள்கிறான். ஷெரீஃப் அதற்குமேல் என்ன துருவப் போகிறார்? துப்பாக்கியில் தோட்டா போடும் தாழைத் திறக்க முடியாதபடி அங்கேயே கம்பியால் கட்டி, ஈய முத்திரை வைத்து எடுத்துப் போனார். விபத்து என்று எழுதி ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுத்தார்.

அந்தக் கம்பியை யாரும் பிரிக்கக் கூடாது என்றார் அப்பா. பிரிக்க யாருக்கு மனசு வரும்? அப்படியே கிடந்தது.

அம்மா அதன்பிறகு எட்டு வருஷம் இருந்தாள். வெய்ன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசாமலே போய்ச் சேர்ந்தாள்.

அப்பா அப்படி இல்லை. ஒவ்வொரு நவம்பர் பதினைந்தும் விருந்தாளிகள் முன்னால் மகன் தலையில் கை வைத்து, "ஆண்டவரே, இவனை நான் மன்னிச்சிட்டேன், நீரும் மன்னியும்" என்று ஜெபிப்பார். பெற்ற மனம் பித்து என்று ஊரே உருகிப் போகும். அவர் அடக்கத்தன்று போதகரும் அதைத்தான் சொன்னார். நானும்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மன்னிக்கப்பட்டவன் கதையைக் கேட்பாரில்லை. வெய்ன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. துப்பாக்கியைத் தொடவில்லை. ஒரு பிள்ளையைப் பறித்தவன் இன்னொரு பிள்ளையையும் பறித்துக்கொண்டு போவதா என்று, மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்தபடி அப்பாவோடேயே இருந்துவிட்டான். கடைசி மூன்று வருஷம் அவருக்குச் சோறூட்டியதும் குளிப்பாட்டியதும் அவன்தான்.

"அதை மட்டும் வித்துடாதேன்னு அப்பா என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னார் அக்கா. அதான் அவர் கடைசியாப் பேசினது."

"சொன்னவர் போயிட்டார். நீ அதைப் பாத்துப் பாத்து தினம் செத்துக்கிட்டிருக்கே." என்றாள் ஐனா. "நான் ஊருக்குப் போனப்புறம் நீயும் அந்தத் துப்பாக்கியும் தனியா இருக்கிறதை நெனச்சா எனக்குத் தூக்கம் வரலடா. எனக்கு ஒரு தம்பி போனது போதும்."

வெய்ன் அறைக்குள் போய் அதை எடுத்து வந்து, மேஜையில் மற்ற ஐந்தோடு வைத்தான். அப்பா சொல்லை அவன் மீறியது அதுதான் முதல் தடவை.

க்ரீன் பே நகரத்திலிருந்து வந்திருந்த துப்பாக்கி வியாபாரி ஓல்சனுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. சோதித்துப் பார்க்காமல் வாங்க முடியாது என்று முத்திரையை உடைத்துக் கம்பியை வெட்டினார். தாழை உருவிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"சார், இது சுடாது."

"துரு ஏறியிருக்கும்" என்றான் வெய்ன்.

"துரு இல்ல. தோட்டாவைத் தட்டுற ஊசி இருக்கே, அதோட முனையை அரம் போட்டுத் தேய்ச்சு எடுத்திருக்காங்க." ஓல்சன் சிரித்தார். "முதல் வருஷம் காட்டுக்கு வர்ற பையனுக்கு விவரமான அப்பன் இப்படித்தான் கொடுப்பான். பையனுக்குப் பெருமை, மத்தவங்களுக்கு ஆபத்தில்ல. அவன்கிட்ட மட்டும் சொல்ல மாட்டோம். நானே என் மகனுக்குச் செஞ்சேன். உங்க அப்பா நல்ல மனுஷன்."

ஐனா குறுக்கிட்டாள். "கம்பி கட்டினதுக்கு அப்புறம் யாராவது தேய்ச்சிருக்கலாம் இல்லையா?"

"அதெப்படிம்மா? ஊசி இந்தத் தாழுக்குள்ள இருக்கு, கம்பியை வெட்டாம அதைத் தொட முடியாது. முத்திரையை நான் இப்பத்தானே உடைச்சேன்."

மேஜையில் முதலாவதாகக் கிடந்தது அப்பாவின் துப்பாக்கி. அதற்கும் இதற்கும் ஒரே அளவுத் தோட்டாதான். அன்று காட்டில் ரூடி இருந்த பக்கம் நீண்டவை இந்த இரண்டு மட்டும்தான்.

"ஊசி மாத்தணும், அதனால விலை கொஞ்சம் குறையும்" என்றார் ஓல்சன். "விக்கிறீங்களா, வச்சுக்கிறீங்களா?"

ஐம்பத்து நாலு வயது வெய்ன், தன் வலது தோளை மெல்ல அமுக்கிப் பார்த்துக்கொண்டான்.

"முதல் தடவை சுட்டா துப்பாக்கி உதைச்சு ஒரு வாரம் தோள் வலிக்கும்னு ரூடி சொல்லியிருந்தான், அக்கா" என்றான். "எனக்கு வலிக்கவே இல்ல."