ஆணி அடித்த ஜன்னல்

தேவதாசனுக்கு மூச்சிரைப்பு அதிகமானதும், "மருந்து பாதி வேலைதான் செய்யும். படுக்கிற ரூமுக்குள்ள காத்து வந்து போகணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த அறையின் ஒரே ஜன்னல் தம்பி வீட்டு முற்றத்தைப் பார்த்திருந்தது. ஒன்பது வருடங்களுக்கு முன், வீட்டைப் பாகம் பிரித்த அன்றே தேவதாசன் அதன் கதவுகளை ஆணி அடித்து மூடியிருந்தார். "அவன் வீட்டுக் காத்து எனக்கு வேண்டாம்" என்று இப்போதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மனைவி ஜெபமணி சுத்தியலை எடுத்து வந்தாள். அதன் பின்பக்கத்தைக் கொடுத்துத் துருப்பிடித்த ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தாள். கடைசி ஆணியும் வந்த பிறகு கதவைத் தள்ளினாள். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளியும் அசையவில்லை. எது தடுக்கிறது என்று இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள், ஒரே இருட்டு. அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"அக்கா, நீங்களா?" தம்பி மனைவி எஸ்தரின் குரல்.

"ஆமா எஸ்தரு. இவங்களுக்கு மூச்சு முட்டுது."



"தள்ளாதீங்கக்கா. இந்தப் பக்கமும் பலகை வச்சு அடிச்சிருக்கு. இருங்க, சுத்தியல் எடுத்துட்டு வாரேன்."

ஜெபமணி திரும்பிப் பார்த்தாள். தேவதாசன் எழுந்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கத்தில் முதல் ஆணி கிரீச்சிட்டபோது, வந்த இருமலை வாயைப் பொத்தி அடக்கிக்கொண்டு அதை உற்றுக் கேட்டார்.