நகத்தில் ஒட்டிய பெயிண்ட்

"மத்தவுகளுக்கு ஆறு வாரம் வைத்தியம், உங்களுக்கு மட்டும் ரெண்டு வாரமா?" காளிதாஸ் சோத்துத் தட்டைத் தள்ளினான். "அதுவும் நீங்களே கேட்டு வாங்கியிருக்கீக."

அய்யா இருளாண்டி இருமி முடித்துவிட்டுச் சொன்னார். "புரோட்டான் கதிருன்னு இருக்காம்லே. நுரையீரல் கட்டியில நேரா வைக்கிறாக. ரெண்டு வாரத்துல முடிஞ்சிரும். ஆறு வாரம் சென்னையில கெடந்தா மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்சு போட்டெல்லாம் கடல்ல எறங்கிருமே."

"அப்ப உசுரை விட போட்டுதான் பெருசு."

"ஆமாலே." அய்யாவின் பார்வை அவன் விரல்களில் நின்றது.

காளிதாசுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லை தாண்டிப் பிடிபட்ட அண்ணன் இலங்கைச் சிறையில் கிடக்கிறான். பெற்ற இவருக்கு இன்னும் கடல் ஆசை அடங்கவில்லை.

அம்மா அவனை வாசலுக்கு இழுத்தாள். "அரைகுறை வைத்தியம்டா இது. சென்னை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, ஆறு வாரமே குடுக்கச் சொல்லு."

கரையேற்றிய போட்டு ஒன்றின் மறைவில் நின்று போன் போட்டான். எடுத்ததும் கொட்டினான்.

"அவரு கடலுக்குப் போற வெறியில கேட்டாருன்னா, நீங்களும் சுருக்கிக் குடுத்துருவீகளா?"

டாக்டர் யும்னா நிதானமாகப் பேசினார். "தம்பி, கட்டி சின்னது, இடமும் தோதா இருக்கு. தினமும் கொஞ்சம் கூடுதலாக் குடுத்து சீக்கிரம் முடிக்கிறோம். அரைகுறை இல்ல. ஆனா அவரால இனிமே கடலுக்குப் போக முடியாது. அது அவருக்கே தெரியும்."

"பெறகென்ன அவசரம் அவருக்கு?"

"நானும் கேட்டேன். 'சின்னவன் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சு மீரா சாகிபு போட்டுல சேந்திருக்கான். நகத்துல போட்டுப் பெயிண்டோட வீட்டுக்கு வாரான். அவன் ஏறுற அன்னைக்கு நான் கரையில நின்னு மறிக்கணும், தாயி'ன்னாரு."

காளிதாஸ் நகத்தில் ஒட்டியிருந்த பெயிண்டைச் சுரண்டினான்.

"நீங்க என்னமோ கேக்க வந்தீங்களே தம்பி?"

"ஒண்ணுமில்ல டாக்டர்."

சாயங்காலம் இரண்டாவது கை பெயிண்ட் அடிக்க வரச் சொல்லியிருந்தார் மீரா சாகிபு.

காளிதாஸ் போகவில்லை.